செய்முறை இரண்டு

ஒரு கல்லூரியில் பட்டம் வாங்க வேண்டுமென்றால் அதற்குரிய பாடங்களில் தேற வேண்டும். பாடங்களில் தேற வேண்டுமென்றால் பாடங்கள் நடக்க வேண்டும். இந்த இரண்டாவது வாக்கியம் எந்தப் பல்கலைக்கழக விதியிலும் எழுதப்படவில்லை. எழுதப்படாத விதியைக் கடைப்பிடிக்கும் கெட்ட வழக்கம் பனிமுகடு கலை அறிவியல் கல்லூரிக்குக் கிடையாது.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில், தேயிலைச் சரிவுக்கு நடுவே அந்தக் கல்லூரி இருந்தது. ஒரு காலத்தில் அங்கே ஓட்டல் நிர்வாகமும் தையலும் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு கோயம்புத்தூர்க் கல்லூரிகள் எல்லாம் 'சைபர்' என்று பலகை மாட்டிக்கொள்ள, பனிமுகடும் மாட்டிக்கொண்டது. பட்டத்தின் பெயர், 'இளம் அறிவியல் – கணினி அறிவியல் மற்றும் இணையப் பாதுகாப்பு, செயற்கை நுண்ணறிவுச் சிறப்புடன்'. பெயர் பலகையில் கொள்ளவில்லை. 'சிறப்புடன்' என்ற சொல்லை மட்டும் தனியாக எழுதி காவலாளி அறைச் சுவரில் மாட்டினார்கள். காவலாளி அதைத் தன்னைப் பற்றியது என்றே நினைத்து, சட்டைப் பட்டனை எல்லாம் ஒழுங்காகப் போட ஆரம்பித்தார்.

இந்தப் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் ஷாயிஸ்தா படித்துக்கொண்டிருந்தாள். ஊட்டி மார்க்கெட்டில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் விற்கும் அப்துல் கையூமின் மூத்த மகள். விடியற்காலைப் பஸ் பிடித்து, மூடுபனியில் கம்பளிச் சால்வையோடு வந்து இறங்குவாள். கல்லூரி வாசலில் சில நாள் காட்டெருமை நிற்கும். அது நகரும் வரை மாணவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். காத்திருந்த நேரத்துக்கு வருகைப்பதிவு கிடையாது. ஆனால் 'வனவிலங்குகளுடன் இணக்கமான வாழ்வு' என்ற மதிப்புக்கூட்டுப் பாடத்தில் அரை மதிப்பெண் உண்டு.

பட்டத்துக்குத் தேவையான பாடங்கள் ஏராளம். உருளைக்கிழங்கு சாகுபடி ஒரு பாடம். மே மாத மலர்க் கண்காட்சியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது 'நிகழ்வு மேலாண்மை' என்ற பாடம். யோகா ஒன்று, ஆளுமை வளர்ச்சி ஒன்று, ஆளுமை வளர்ந்ததா என்று பார்க்க இன்னொன்று. இவற்றிலெல்லாம் ஷாயிஸ்தா நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தாள். கடைசிப் பருவத் தேர்வுகளை விட்டால், இணையப் பாதுகாப்பு சம்பந்தமாக இரண்டே பாடங்கள்தான் மீதி. செய்முறை ஒன்று, செய்முறை இரண்டு.

செய்முறை ஒன்று இரண்டாம் ஆண்டுக்கு உரியது. அதை நடத்துவதற்காகவே கல்லூரி புத்தம்புது ஆய்வகம் கட்டி, கணினிகள் வாங்கி வைத்திருந்தது. வாசலில் சிவப்பு ரிப்பனும் கட்டியாகிவிட்டது. திறந்து வைக்க வரவேண்டிய சிறப்பு விருந்தினர்தான் தேதி தரவில்லை. ரிப்பனை வெட்டாமல் உள்ளே போவது விருந்தினரை அவமதிப்பதாகும் என்று கல்லூரி முதல்வர் விஜயன் கருதினார். ஆகவே மாணவர்கள் ஜன்னல் வழியாகக் கணினிகளைப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் உறை போர்த்திய கணினிகள். அது 'தொழில்கூடப் பார்வையிடல்' என்று பதிவாயிற்று.

துறைத்தலைவர் அருண்பிரசாத் நல்ல மனிதர். படித்தது இயற்பியல். "எனக்குத் தெரிஞ்சது ஒளியியல்தான்" என்று முதல் நாளே வகுப்பில் ஒப்புக்கொண்டார். அச்சடித்த காகித விசைப்பலகைகளை எல்லோருக்கும் கொடுத்து, அதன்மேல் தட்டச்சு செய்யச் சொன்னார். தவறாகத் தட்டினாலும் தெரியாது என்பதால் அந்த வகுப்பில் யாரும் தோற்கவில்லை.

ஷாயிஸ்தா மட்டும் காகிதத்தோடு நிற்கவில்லை. பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, அத்தாவின் கடைக்குப் பின்னால் குல்லா மூட்டைகளுக்கு இடையே உட்கார்ந்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைப் படித்தாள். சந்தேகம் வந்தால் வகுப்புத் தோழன் சுரேந்திரனுக்கு போன் போடுவாள். கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருக்கும் அவனுக்கு, வீட்டுக்கு மேலே உள்ள தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். "சீக்கிரம் கேளு, மழை வருது" என்பான்.

இப்படிப் படித்துப் படித்தே அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனிகளின் இணையக் கதவுகளைத் தட்டி, எங்கே திறந்திருக்கிறது என்று சொல்கிற வேலை. அவள் அடித்துப் பிடித்துத் தேடிய வேலை. ஒரே ஒரு நிபந்தனை. செய்முறை இரண்டில் தேறியிருக்க வேண்டும்.

முதல்வர் அறைக்குப் போனாள்.

"சார், செய்முறை இரண்டுல பேரு குடுக்கணுங்க."

"செய்முறை ஒன்று முடிச்சியாம்மா?"

"அதை நீங்க நடத்தவே இல்லைங்களே சார்."

முதல்வர் விஜயன் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்படுவதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நடத்தாதது கல்லூரியோட நிலை. முடிக்காதது உன்னோட நிலை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

"அப்ப ஒன்றை இப்ப நடத்துங்க சார்."

"அது இரண்டாம் ஆண்டுப் பாடம். நீ மூன்றாம் ஆண்டு. பின்னாடி போக விதியில இடம் இல்லை."

"எனக்கு வேலை போயிருமுங்க சார்."

"வேலை என்பது பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கிற விஷயம்மா" என்றார் முதல்வர், மிகுந்த பரிவோடு.

அவள் பஸ்ஸில் அழுதுகொண்டே ஊட்டிக்குப் போனாள். பக்கத்து சீட்டில் இருந்த சுற்றுலாப் பயணி, மலைப் பாதை வளைவு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

அவளுக்கு வழி பிறந்தது, யாரோ முகம் தெரியாத ஒரு திருடனால்.

மே மாதம், சேர்க்கை நேரம். கல்லூரி இணையதளத்தின் முகப்பில் முதல்வரின் புன்னகை பூத்த படம் இருக்கும். அதன் கீழே 'எதிர்காலத்தை எங்களிடம் ஒப்படையுங்கள்' என்ற வாசகம். ஒரு நாள் காலையில் பார்த்தால் படம் அப்படியே இருக்கிறது, வாசகம் மாறிவிட்டது. 'வாங்க, ரம்மி ஆடலாம்! முதல் ஆட்டம் இலவசம்!'

முதல்வர் அவசரக் கூட்டம் போட்டார். பல்கலைக்கழக ஆய்வுக் குழு வரப்போகிற நேரம். தளத்தைச் செய்து கொடுத்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. இணையப் பாதுகாப்புத் துறை என்று பலகை போட்ட ஒரு கல்லூரியில், பலகையைத் தவிர இணையப் பாதுகாப்பு தெரிந்தது வேறு எதுவும் இல்லை என்பது அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"ஷாயிஸ்தாவுக்குத் தெரியும் சார்" என்றார் அருண்பிரசாத்.

"அவள் செய்முறை ஒன்றே முடிக்கலையே. தகுதியில்லாதவங்க தளத்தைத் தொட்டா அது விதிமீறல்."

"தொடாட்டி ரம்மி ஓடுமே சார்."

அருண்பிரசாத்துக்குத்தான் வழி தோன்றியது. இதைச் செய்முறை என்று சொன்னால்தானே தகுதி வேண்டும்? நாட்டு நலப்பணித் திட்டத்தில் தூய்மைப் பணி என்று சொல்லிவிட்டால்?

மறுநாள் கல்லூரி முற்றத்தில் பேனர் கட்டப்பட்டது. 'மாபெரும் இணையதளத் தூய்மைப் பணி முகாம்'. தூய்மைப் பணிக்குத் துடைப்பமும் கையுறையும் கட்டாயம் என்பதால், ஷாயிஸ்தா கையுறையோடும் சுரேந்திரன் துடைப்பத்தோடும் போட்டோவுக்கு நின்றார்கள். பிறகு முதல்வரின் கணினி முன்னால் அவளை உட்கார வைத்தார்கள். கையுறையைக் கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காகித விசைப்பலகையில் பழகிய பிறகு ரப்பர் கையுறை அவளுக்குப் பெரிய இடைஞ்சலாகத் தெரியவில்லை.

"கடவுச்சொல் தெரியலைங்களே சார். ஊகிச்சுப் பார்க்கட்டுங்களா?"

"எதையாவது பண்ணும்மா!"

அவள் முதலில் கல்லூரியின் பெயரை அடித்தாள். திறக்கவில்லை. கல்லூரியின் பெயரோடு ஒன்று இரண்டு மூன்று சேர்த்து அடித்தாள். திறந்துகொண்டது.

"இதை யாருங்க வச்சது?" என்று சுரேந்திரன் துடைப்பத்தை ஊன்றியபடி கேட்டான். முதல்வர் ஜன்னல் வழியாகத் தேயிலைத் தோட்டத்தின் அழகைப் பார்க்கத் தொடங்கினார்.

ரம்மியை எடுத்தாள். திருடன் போட்டுவிட்டுப் போயிருந்த பின்வாசலை அடைத்தாள். பழைய மென்பொருளைப் புதுப்பித்தாள். கடவுச்சொல்லையும் மாற்றி, புதியதை முதல்வரிடம் எழுதிக் கொடுத்தாள். மூன்று வருடப் படிப்பில் முதன்முதலாக அவள் கல்லூரிக் கணினி ஒன்றைத் தொட்ட நாள் அது. வெளியே வந்தபோது குளிர்காற்று முகத்தில் அடித்தது. சந்தோஷத்தில் சிரித்தாள். கையுறையைக் கழற்ற மறந்தே போனாள்.

"இதுக்காவது செய்முறை மார்க் போடுவாங்களா?" என்றான் சுரேந்திரன்.

போட்டார்கள், தூய்மைப் பணியில். அவள் அதில் ஏற்கனவே தேறியிருந்ததால் அந்த மதிப்பெண் எதற்கும் பயன்படவில்லை.

அடுத்த வாரம் ஆய்வுக் குழு வந்தது. குழுத் தலைவர் முனைவர் மனிஷா கண்டிப்பானவர். தேநீர் குடித்து முடித்ததும் நேராகக் கேட்டார்.

"போன வாரம் உங்க தளத்தைப் பார்த்தேன். ரம்மி ஆடக் கூப்பிட்டீங்க. யாரோ உள்ளே நுழைஞ்சிருக்காங்க, இல்லையா?"

முதல்வர் தடுமாறினார். நுழைந்த திருடன் யாரென்று தெரியாது என்று சொன்னால் கல்லூரிக்கு அவமானம். தெரியும் என்று சொன்னால் பொய். அவர் பொய் சொல்லாதவர்.

"நுழைஞ்சது யாருன்னு தெரியுமா?" என்று மறுபடி கேட்டார் மனிஷா.

"உள்ளே நுழைஞ்சவங்க ஒருத்தரைத் தெரியும் மேடம். எங்க மாணவிதான்" என்றார் முதல்வர். உண்மைதானே.

"அப்ப விசாரணை நடத்தி அறிக்கை அனுப்புங்க. அறிக்கை வந்தாத்தான் உங்க பட்டப்படிப்புக்கு அங்கீகாரம். விசாரணைக் குழுவில் செய்முறை இரண்டில் தேறிய நிபுணர் ஒருத்தர் கட்டாயம் இருக்கணும்."

குழு போய்விட்டது. ஷாயிஸ்தாவுக்கு நோட்டீஸ் வந்தது. 'தாங்கள் கல்லூரி இணையதளத்தினுள் ஊடுருவியதாகக் கருதப்படுவதால், விசாரணை முடியும்வரை தேர்வு எழுதத் தாங்கள் அனுமதிக்கப்பட மாட்டீர்கள்.' அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அருண்பிரசாத்திடம் ஓடினாள்.

"சார், நீங்கதானே துடைக்கச் சொன்னீங்க?"

"நான் சொன்னேம்மா. ஆனா திருடன் கையில கிடைக்கலை. அவனுக்கு நம்ம கல்லூரியில வருகைப்பதிவும் இல்லை. நோட்டீஸ் அனுப்ப முகவரி வேண்டாமா? உனக்கு இருக்கு."

"அதுக்காக?"

"இன்னொண்ணும் சொல்றாங்க. நீ ரெண்டாவது முயற்சியிலேயே திறந்துட்டே. அனுபவம் இல்லாதவங்களுக்கு அது முடியாதாம்." தலையைக் குனிந்துகொண்டார். "என்னால மூணாவது முயற்சியிலகூட முடிஞ்சிருக்காது."

செய்தி ஊட்டி மார்க்கெட்டுக்குப் போயிற்று. அப்துல் கையூம் சீசன் நேரத்தில் கடையை அடைத்துவிட்டு வந்தார். சீசனில் அவர் கடையை அடைத்ததை அந்த மார்க்கெட்டில் யாரும் பார்த்ததில்லை. வேகமாக முதல்வர் அறைக்குள் போனார்.

"ஏனுங்க சார், எம்புள்ளை என்னத்தைத் திருடுச்சுங்க?"

"திருடலை பாய். உள்ளே போயிருக்கு."

"நீங்கதானுங்க போகச் சொன்னீங்க?"

"சொன்னது நாங்க. போனது அவள்."

"எங்கடைக்குப் பூட்டுப் போடாம நான் ஊட்டுக்குப் போயிர்றேன்னு வைங்க. ஒருத்தன் உள்ள பூந்து கலைச்சுப் போட்டுட்டான். இன்னொருத்தர் வந்து அடுக்கி வச்சு, நல்ல பூட்டாப் போட்டு, சாவியையும் எங்கையில குடுக்கறாரு. நான் யாரைப் புடிச்சுப் போலீஸ்ல குடுக்கோணும், சொல்லுங்க?"

முதல்வர் இதை ஆழமாக யோசித்தார்.

"பாய், உங்க கடை எந்தப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சிருக்கு?"

"எதோடயும் இல்லைங்க."

"அதனாலதான் உங்களுக்கு இது எளிமையா இருக்கு."

அப்துல் கையூம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வெளியே வந்து மகளின் தலையைத் தடவினார். "இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாதும்மா. நம்ம எதிரிப் புள்ளையக்கூட இங்க சேர்க்கக் கூடாது" என்றார். ஷாயிஸ்தா தலையாட்டினாள். கம்பெனியில் சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ராத்திரித் தூக்கம் போய்விட்டது.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நிபுணர் கிடைக்கவில்லை. செய்முறை இரண்டில் தேறியவர் என்று இந்தக் கல்லூரி ஒருவரைக்கூட உருவாக்கவில்லை. வெளிக் கல்லூரியிலிருந்து கூப்பிட்டால் விஷயம் மலையிறங்கிவிடும். நிபுணர் இல்லாவிட்டால் விசாரணை இல்லை, விசாரணை இல்லாவிட்டால் அங்கீகாரம் இல்லை. முதல்வருக்கு முதல்முறையாக வியர்த்தது, குன்னூர்க் குளிரில்.

அருண்பிரசாத் மறுபடியும் யோசித்துவிட்டு வந்தார்.

"சார், ஒருத்தரை நாம தேற வச்சுட்டா?"

"யாரை?"

"தாக்குதலைக் கண்டுபிடிச்சு, தடுத்து, சரிசெய்யறதுதான் செய்முறை இரண்டு. பாடத்திட்டத்துல அப்படித்தான் இருக்கு. அதைச் செஞ்சவங்க ஒருத்தர்தான்."

"அவள் குற்றம் சாட்டப்பட்டவளாச்சே!"

"குற்றம் சாட்டப்பட்டவர் நிபுணரா இருக்கக் கூடாதுன்னு மனிஷா மேடம் சொல்லலையே சார்."

"செய்முறை ஒன்று?"

"இரண்டில் தேறியவர் ஒன்றிலும் தேறியவராகக் கருதப்படுவார்னு ஒரு தீர்மானம் போட்டுட்டா போச்சு."

'கருதப்படுவார்' என்ற சொல் முதல்வரின் முகத்தில் வெளிச்சத்தைக் கொண்டுவந்தது. அன்றே தீர்மானம் நிறைவேறியது. நடத்தாத செய்முறை ஒன்றிலும், குற்றம் என்று சொல்லப்பட்ட செய்முறை இரண்டிலும் ஷாயிஸ்தா முதல் வகுப்பில் தேறினாள். கையோடு, ஷாயிஸ்தா என்ற மாணவியை விசாரிக்கும் நிபுணராகவும் நியமிக்கப்பட்டாள்.

விசாரணை கூட்ட அரங்கில் நடந்தது. எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். கேள்வி கேட்கும்போது ஒரு நாற்காலியிலும், பதில் சொல்லும்போது மற்றதிலும் உட்கார வேண்டும் என்று முதல்வர் நிபந்தனை விதித்தார். விசாரணை நேர்மையாக நடந்ததாகத் தெரிய வேண்டுமே. குறிப்பெடுக்க சுரேந்திரன்.

ஷாயிஸ்தா நிபுணர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தளத்துக்குள்ளே போனீங்களா?"

எழுந்து எதிர் நாற்காலிக்குப் போனாள். "போனேனுங்க."

திரும்பி வந்தாள். "எப்படிப் போனீங்க?"

போனாள். "கடவுச்சொல்லை ஊகிச்சேனுங்க. கல்லூரிப் பேரும் ஒன்று இரண்டு மூன்றும்."

திரும்பி நிபுணர் நாற்காலிக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. அதோடு ஒரு விஷயமும் தோன்றியது. நிபுணர் நாற்காலியில் உட்கார்ந்தால் கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டும் என்றில்லை. யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். முதுகை நிமிர்த்தினாள்.

"இந்தக் கடவுச்சொல்லை வச்சது யாருன்னு தெரிஞ்சாத்தான் விசாரணை முழுமையாகும். அவரைச் சாட்சியா கூப்பிடறேன். சுரேந்திரன், எழுதிக்கோங்க. சாட்சி நாற்காலிக்கு வரவேண்டியவர்..."

"போதும்!" என்று எழுந்தார் முதல்வர். "விசாரணை முழு திருப்தியா முடிஞ்சது. நிபுணர் ரொம்பக் கச்சிதமா விசாரிச்சாங்க. மாணவியும் நல்லா ஒத்துழைச்சாங்க."

'குற்றம் நடந்துள்ளது. குற்றவாளி எவருமில்லை' என்று அறிக்கை போயிற்று. அங்கீகாரம் வந்தது. ஷாயிஸ்தா மிச்சத் தேர்வுகளை எழுதி, சான்றிதழோடு கோயம்புத்தூர்ப் பஸ் ஏறினாள். சுரேந்திரனுக்கு இன்னும் செய்முறை இரண்டு கிடைக்கவில்லை. இன்னொரு தடவை யாராவது தளத்தைத் தாக்கினால் தனக்குச் சொல்லியனுப்பும்படி துறையில் கேட்டு வைத்திருக்கிறான்.

கம்பெனியில் அவள் மேலாளர் ஷிஜோ சான்றிதழைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"பனிமுகடா? நிஜத் தாக்குதலையே பாடமா நடத்தற காலேஜ்தானே? இப்ப ரொம்பப் பேசறாங்க."

ஷாயிஸ்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று மதியம் தேடிப் பார்த்தாள். அவள் புதுப்பித்துக் கொடுத்த தளத்தில் புதிய விளம்பரம் மின்னியது. 'நேரடி இணையத் தாக்குதலைச் சந்தித்து வென்ற அனுபவம்! மாணவர்களே விசாரணை நிபுணர்கள்! இடங்கள் குறைவு.' கீழே கையுறையோடு அவள் நிற்கும் படம்.

முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. அருண்பிரசாத்துக்கு போன் போட்டுத் திட்டலாம் என்று நினைத்தாள். அப்போது எதிர் மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, "இது நீங்களா? பெரிய ஆளுங்க நீங்க!" என்றார். போனைக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்த வருடம் மே மாதம், அத்தாவிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் ஒரே இரைச்சல்.

"எங்க இருக்கீங்க அத்தா?"

"உங்க காலேஜ்லதாம்மா. ரோடு வரைக்கும் வரிசை நிக்குது, எருமைக்கே வழியில்லை. உந்தங்கச்சி நாஜ்னீன் கூட நிக்கறா. ஒரு சீட்டுக்கு முதல்வர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"எதிரிப் புள்ளையக்கூட சேர்க்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே அத்தா சொன்னீங்க?"

"அது அப்ப. இப்ப மார்க்கெட்ல எல்லாரும் இங்கதான் சேர்க்கறாங்க. நம்ம புள்ளைய மட்டும் விட்டுட்டா நல்லாவா இருக்கும்?"

நாஜ்னீன் போனை வாங்கினாள். "அக்கா, உண்மையைச் சொல்லு. அங்க ஏதாவது சொல்லித் தருவாங்களா?"

ஷாயிஸ்தா வாயைத் திறந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்த பிளாஸ்டிக் உறைகளும், காகித விசைப்பலகையும், இரண்டு நாற்காலிகளும் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன. அந்த நேரம் பார்த்து ஷிஜோ அவள் மேஜையைக் கடந்து போனார். போகிற போக்கில், புதிதாக வேலைக்கு எடுப்பவர்களில் பனிமுகடு மாணவர்களுக்கு முன்னுரிமை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்.

"நல்ல காலேஜ் நாஜ்னீன்" என்றாள் ஷாயிஸ்தா. "கண்ணை மூடிக்கிட்டுச் சேர்ந்துரு."